பம்புசெட் கூரையில் நின்றவர்

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்ததே, அந்த வெள்ளத்தில் நடந்தது இது. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது.

நான் ராணுவத்தில் ஸ்னைப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். இதைச் சொன்னதும், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். உண்மையில் துப்பாக்கியைவிடத் தொலைநோக்கிதான் அதிக நேரம் என் கையில் இருந்தது. எல்லையில் இரண்டு பேராகப் பாறை இடுக்கில் அசையாமல் படுத்துக்கொண்டு, எதிர்ச் சரிவில் யார் வருகிறார்கள், என்ன இறக்குகிறார்கள், காவல் எப்போது மாறுகிறது என்று நாள் கணக்கில் பார்ப்போம். பார்த்ததை வயர்லெஸ்ஸில் சொல்வோம். அதை வைத்து என்ன செய்வது என்பதை அதிகாரி முடிவு செய்வார். என் பொறுப்பு சொல்வதோடு சரி.

அன்று காலை மழை கொஞ்சம் விட்டதும் பைனாகுலரோடு ஊர்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன். வாழைத் தோப்புகள் இருந்த இடமெல்லாம் செந்தண்ணீர். கடற்கரை ஊரிலிருந்து மீனவர்கள் லாரியில் ஒரு படகு கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து அவர்களுக்கு எதுவும் தெரியாது. நான் மேலிருந்து செல்போனில் வழி சொல்வது என்று ஏற்பாடு.

இரண்டு இடத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். ஒரு வீட்டு மொட்டைமாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். அதற்கு நேர் எதிர்ப் பக்கம், பம்புசெட் அறையின் கான்கிரீட் கூரையில் ஒருவர் தனியாக. வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடியிருந்தது. பம்புசெட் அறை உறுதியாகத்தான் தெரிந்தது. இரண்டையும் படகுக்காரரிடம் சொன்னேன். தண்ணீரின் இழுப்பில், ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வர வெகுநேரம் ஆகும் என்றார்.

“எங்க போவ அண்ணாச்சி? நீங்கதான சொல்லணும்.”

அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“வீட்டுக்குப் போங்க” என்றேன்.

படகு அந்தப் பக்கம் திரும்பியதும், கூரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்து வீசினார். நான் பைனாகுலரை வீட்டுப் பக்கம் திருப்பினேன். படகு சுவரில் மோதாமல் அணைய வழி சொல்ல வேண்டியிருந்தது. குழந்தையை முதலில் இறக்கினார்கள். எல்லோரும் ஏறிய பிறகு மறுபடி பம்புசெட் பக்கம் பார்த்தேன். கூரை இல்லை. அறையே இல்லை. படகு போய் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம்.

விரிசல் விட்ட அந்த வீடு விழவே இல்லை. பூசி வெள்ளையடித்து இன்றும் அதில்தான் குடியிருக்கிறார்கள்.

தண்ணீரோடு போனவர் பக்கத்து ஊர்க்காரர், தோப்பு வேலைக்காரர். மோட்டாரைக் கழற்றி மேலே வைக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். காரியமெல்லாம் முடிந்தபின் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, காப்பி போட்டுக் கொண்டுவந்தார். பிறகு கேட்டார்.

“கடைசியா நீங்கதான பாத்திய. அவிய பயந்துக்கிட்டா இருந்தாவ?”

பார்த்ததில் ஒன்றையும் விடாமல் சொல்லிப் பழகியவன் நான். அன்று முடியவில்லை.

“இல்லம்மா. துண்டத் தலையில கட்டிக்கிட்டு, தைரியமாத்தான் உக்காந்திருந்தாவ.”

படகு திரும்பும்வரை அது உண்மைதான். அதற்குப் பிறகு பார்த்ததை நான் சொல்லவில்லை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பச்சப்புள்ள நல்லாருக்கா?” என்றார். தலையை ஆட்டினேன். அவர் தந்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தெருவில் என்னைக் கண்டால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். நான் செய்தது சரிதான் என்று ஊரே சொல்கிறது, யோசித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், நான் பார்க்காமல் விட்ட பக்கத்தில் ஒருவர் இன்னும் துண்டை வீசிக்கொண்டு நிற்கிறார்.