ஈரக் கழிவு பிடிக்காத சங்கம்

என்னிடம் உள்ள கடித நகலில் இருப்பது இவ்வளவுதான்: "ஐயா, தாங்கள் கேட்டபடி தெரிவித்துக்கொள்கிறேன். பச்சைச் சவுக்கு விறகு வெட்டியபின் காய்ந்தால் எடை குறைவதுண்டு. எத்தனை நாளில் எவ்வளவு குறையும் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது." கீழே என் தகப்பனாரின் கையெழுத்து. தேதி இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. காங்கிரஸின் ஆவடி மாநாட்டுக்குப் பிறகு, நயா பைசா வருவதற்கு முன்பு என்ற அளவுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நடந்தது கோடையில் என்பதால் 1955 அல்லது 1956. அதற்கு மேல் ஊகிக்க மாட்டேன்.

எழுபது வருடம் ஆகப்போகிறது. அந்தக் கடைசி வரியை இன்னும் என்னால் பொறுமையாகப் படிக்க முடியவில்லை.

எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியது. மணல் நிலம். சவுக்குதான் பயிர். நான்கைந்து வருடம் வளர்த்து, வெட்டி, படகில் ஏற்றினால் சென்னையின் அடுப்புகளுக்குப் போய்ச் சேரும். கால்வாய்க் கரையில் விறகு மண்டி வைத்திருந்தவர் என் தகப்பனார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். தோப்புக்காரர்கள் வெட்டிக் கொண்டுவரும் கட்டைகளை நைனா நிறுத்து வாங்குவார். பச்சை மரத்தில் தண்ணீர் இருக்கிறது, சென்னையில் தண்ணீருக்கு யாரும் விலை கொடுப்பதில்லை என்று சொல்லி, எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார். அதற்கு ஈரக் கழிவு என்று பெயர். அதே கட்டைகள் மூன்றாம் நாள் படகில் ஏறிவிடும். மூன்று நாளில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் எந்த மரத்திலிருந்தும் வற்றாது என்பது தோப்புக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. வேறு மண்டி இல்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பள்ளி இறுதி வகுப்பு தேறியவர். பத்திரிகையைச் சத்தமாகப் படிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. சோஷலிச பாணி சமுதாயம், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் என்பதெல்லாம் முதலில் என் காதில் விழுந்தது அவர் குரலில்தான். நைனாவும் விடமாட்டார். சர்க்காருக்கு ரயில் ஓட்டத் தெரியும், விறகு விற்கத் தெரியாது, வியாபாரத்தை வியாபாரியிடம் விட்டால் நாடு தானாக முன்னேறும் என்பார். சாப்பாட்டு வேளையில் இருவரும் தேசத்தைப் பங்கு போட்டு முடிப்பதற்குள் அம்மா ரசம் ஊற்றியிருப்பாள்.

மாமா பேச்சோடு நிற்கவில்லை. சவுக்கு விவசாயிகள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்து, அதற்குக் காரியதரிசியும் ஆனார். சங்கத்தின் முதல் தீர்மானமே ஈரக் கழிவு கிடையாது என்பது. தராசு காட்டுகிற எடை எதுவோ அதற்கே ரசீது. ஊரில் பாதிப்பேர் அன்றைக்கே நைனாவை விட்டுச் சங்கத்துக்குப் போனார்கள். டீக்கடையில் ஒருவர் நைனாவைச் சீண்டியது எனக்கு நினைவிருக்கிறது.

"இன்னா அண்ணாத்த, உன் மச்சான் உன் தராசையே புடுங்கிகினு பூட்டான்?"

"தராச புடுங்கலாம்ப்பா. வெயில இன்னா பண்ணுவான்?" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள்.

மாமாவுக்கு மரம் காயும் என்பது தெரியாதா? தெரியும். மூன்று நாளில் படகேற்றிவிட்டால் இழப்பு சொற்பம், சங்கமே அதைத் தாங்கும் என்று அவர் போட்ட கணக்கு சரியானதுதான். ஆனால் சென்னைக் கிடங்குக்கு விற்பதென்றால் செங்கல்பட்டில் இருந்த கூட்டுறவுத் துறை மாவட்ட அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். மாமா திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போவார். அதிகாரி முகாமில் இருப்பார். அடுத்த தடவை கோப்பு வேறு பிரிவில் இருக்கும். அதற்கடுத்த தடவை விண்ணப்பத்தில் ஒரு முத்திரை குறைவாக இருக்கும். பங்குனி முடிந்து சித்திரையும் பாதி போயிற்று. கரையில் சங்கத்தின் விறகு மலையாகக் குவிந்து, நாள் முழுக்க வெயில் குடித்தது.

நாங்கள் பிள்ளைகள் அந்தக் குவியலில் ஏறி விளையாடினோம். பச்சைக் கட்டையைக் கட்டையால் தட்டினால் 'தொப்' என்று கேட்கும். அது காயக் காயச் சத்தம் மாறி, கடைசியில் வெண்கலம் போல ஒலிக்கும். ஆறாவது வாரத்தில் குவியல் முழுவதும் ஒலித்தது. முனைகள் வெடித்து, பட்டை தானாக உரிந்தது. ஒன்பது வயதுப் பெண்ணான எனக்குத் தெரிந்த இந்த விஷயத்தைப் பின்னால் நடந்த விசாரணையில் எவரும் எழுத்தில் வைக்கவில்லை.

ஒப்புதல் வந்து, விறகை நிறுத்தபோது கால் பங்கு குறைந்திருந்தது. தணிக்கைக்கு வந்த அதிகாரி சங்கத்தின் இருப்புப் பதிவேட்டைப் புரட்டினார். அது உர மூட்டைகளுக்காக அச்சடித்த பதிவேடு. வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டங்கள். உர மூட்டை வெயிலில் இளைப்பதில்லை. ஆகவே இளைப்பதற்குக் கட்டமும் இல்லை. குறைந்த விறகைக் காரியதரிசி கையாடிவிட்டார் என்பதைத் தவிர அந்தப் பதிவேட்டுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

அதிகாரி கெட்டவர் அல்ல. ஒரு வழி சொன்னார். இந்தத் தொழிலில் பழுத்த வியாபாரி ஒருவர், எத்தனை நாளில் எத்தனை பங்கு எடை குறையும் என்று எழுத்தில் தரட்டும். சங்கப் பொதுக்கூட்டத்தில் அதைப் படித்துவிட்டு, குறைவைத் தள்ளுபடி செய்யச் சிபாரிசு செய்கிறேன் என்றார். சுற்று வட்டாரத்தில் அப்படிப்பட்ட வியாபாரி ஒருவர்தான். மாமா சந்தோஷமாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். தேசத்தைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டாலும் மரத்தைப் பற்றி அவர்களுக்குள் ஒருபோதும் சண்டை இருந்ததில்லை.

நைனா இரண்டு நாள் யோசித்தார். ஆறு வாரத்தில் கால் பங்கு என்று உண்மையை எழுதினால், மூன்று நாளில் மூன்றில் ஒரு பங்கு பிடித்தது என்ன நியாயம் என்று கூட்டத்தில் இருக்கும் அத்தனை தோப்புக்காரர்களும் கேட்பார்கள். மூன்று நாளிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று எழுதினால், பக்கத்தில் குவிந்து கிடக்கும் விறகே அவரைப் பொய்யர் என்று சொல்லும். நாட்களையும் பங்கையும் சேர்த்து அவர் எப்படி எழுதினாலும் மாட்டிக்கொள்வார்.

மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். நைனா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'அறுதியிட்டு' என்ற சொல் எனக்குப் புதிது. ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை என்று எனக்குக் காலணா கொடுத்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, நைனாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அதற்கு முன்பு அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

"பச்ச மரம் காஞ்சா கொறையும்னு நேத்து வந்த படகுக்காரனுக்குக்கூட தெரியும். எவ்ளோ கொறையும்னு உங்களுக்குத் தெரியாதா? தெனம் அதச் சொல்லித்தானே புடிக்கிறீங்க?"

"தெரியும்டி. தெரிஞ்சத எழுதினா நாளைலேந்து மண்டிக்கு ஒருத்தன் வரமாட்டான். அப்புறம் இந்த வூட்டுல இன்னா வச்சு எரிப்பே?"

"அவன் ஜெயிலுக்குப் போனா?"

"போமாட்டான். நெலம் கீது இல்ல? வித்துக் கட்டிடுவான்."

பொதுக்கூட்டம் கரையிலேயே நடந்தது. அதிகாரி கடிதத்தைப் படித்தார். தோப்புக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சங்கம் போனால் நாளைக்கு மறுபடியும் நைனாவின் தராசில்தான் நிற்கவேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். அவர்களுக்காகக் கழிவை ஒழித்தவருக்கு அவர்கள் கொடுத்தது அந்த மௌனம்தான். மாமா மட்டும் எழுந்து, "எங்க அக்கா வூட்டுக்காரர் எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடிதத்துக்கு எத்தனை காலம் கழித்து என்று நினைவில்லை, மாமா என்னைச் செய்யூருக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒரு அலுவலகத்தில் பல தாள்களில் கையெழுத்துப் போட்டார், விரலில் மை தடவி உருட்டினார். வெளியே வந்து எனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். தள்ளுபடி ஆகாத விறகுக் குறைவின் பணத்தைக் கட்டுவதற்காகத் தன் இரண்டு காணி நிலத்தை விற்ற நாள் அது. எனக்கு அது சோடா குடித்த நாள். பஸ்ஸில் திரும்பும்போது மாமா ஏன் பத்திரிகை வாங்கவில்லை என்று கேட்டேன். கண்ணு வலிக்குது என்றார். அந்த வருடமே ஊரைவிட்டு ஒரு நெல் மில்லுக்குக் குமாஸ்தாவாகப் போனார். சங்கம் கலைக்கப்பட்டது. ஈரக் கழிவு மறுபடியும் மூன்றில் ஒரு பங்கு.

அதற்குப் பின் நான் நிறையப் படித்துவிட்டேன். ஏழை நாடுகளுக்குச் சந்தை நல்லதா, சர்க்கார் நல்லதா என்று பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. இரு தரப்பும் எதிர்த் தரப்பை ஊழல் என்கின்றன. எங்கள் ஊரில் அந்தக் கோடையில் இரண்டும் எதிரெதிராக நிற்கவில்லை. ஒன்றுக்கு மரம் காயும் என்பது தெரியவில்லை. மற்றொன்றுக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. அவை இரண்டும் ஒத்துழைத்து ஒரு நேர்மையான மனிதனின் நிலத்தை எடுத்துக்கொண்டன. எந்தப் புத்தகத்திலும் இதற்கென்று ஓர் அத்தியாயத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு குறிப்பை மட்டும் பதிவு செய்துவிடுகிறேன். விறகு விற்கும் சங்கங்கள் எடையில் உலர்வுக்காக ஒரு பங்கைத் தள்ளிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை ஒன்று வந்ததாக, ஓய்வு பெற்ற கூட்டுறவு ஊழியர் ஒருவர் என்னிடம் சொன்னார். மாமா நிலத்தை விற்பதற்கு முன்பே அது மாவட்ட அலுவலகத்துக்கு வந்து ஒரு கோப்பில் கிடந்தது என்பது அவர் நினைவு. கிரயப் பத்திரத்தின் தேதி என்னிடம் இருக்கிறது. சுற்றறிக்கையை நான் பார்த்ததில்லை. கேட்ட இரண்டு இடங்களிலும் அந்தக் காலத்துக் கோப்புகளை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். எது முதலில் வந்தது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.