மூக்குக்கு நிழல்

தைத்து முடித்த தையலை அந்தக் கைகள் பிளேடு முனையால் மறுபடி பிரித்துக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவியபோது ஒரு நூல் முடிச்சு தட்டுப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் குற்றம்.

கால்நடை மருத்துவமனையை ஒட்டினாற்போல் இருக்கும் தையல் கடை. அளவு டேப் கழுத்தைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை என்பதால் கடைக்காரம்மா எல்லோருக்கும் ‘டேப்பக்கா’. தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவர், இப்போது தோல் நோய் கண்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் சட்டை, காலுறை, முகமூடி தைக்கிறார். புண்ணில் உரசக் கூடாதென்று தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் வைப்பார். சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதாகத் தெருவே சிரிக்கிறது என்று ஒரு பூனைக்காரர் குறைப்பட்டார். “பாக்கிறவங்களுக்கா தைக்கிறேன்? போட்டுக்கிறவங்களுக்குத் தைக்கிறேன்” என்று அக்கா ஊசியில் நூல் கோத்தார்.

நாய் வந்தால், “வாங்க சார், உக்காருங்க.” கூட வந்தவருக்கு, “நீ அந்தப் பக்கம் நில்லு.” எந்த உருப்படியும் முதலில் ஏறுவது கணவரின் தலையில். பித்தான் தைத்தபடியே அவரும் முகத்தைக் காட்டுவார். கடிக்காத ஆள் அவர் ஒருத்தர்தானாம்.

பிரிபடுவது படகோட்டியின் நாய்க்கான மூக்கு உறை. கறுகறுவென்றிருந்த மூக்கு வெளிறி, வெடித்து, ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. உடம்பைக் காக்கும் எதிர்ப்புச் சக்தியே சொந்தத் தோலைத் தாக்கும் நோய் என்று டாக்டர் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். வெயில் படவே கூடாது என்றார். அக்கா அதைத் தன் வழியில் புரிந்துகொண்டார்: “காவல்காரனே வீட்டுக்காரரைத் திருடன்னு அடிக்கிறான். வெயிலு அவனுக்குக் கம்பு எடுத்துக் குடுக்குது.”

அந்த நாய் பகலெல்லாம் படகின் முனையில்தான் நிற்கும். முதலில் தைத்த உறைக்கு மேலே குடைபோல் ஒரு விளிம்பு இருந்தது. நாய் சமர்த்தாகப் போட்டுக்கொண்டது. புண் மட்டும் ஆறவில்லை. இனிக் கரையில் கட்டிப்போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட, படகோட்டி கடை வாசலில் வந்து நின்றார்.

“அது இல்லாம நான் துடுப்பு தொட்டதில்லக்கா. கட்டிப்போட்டா கரையில அது அழும், நடு ஆத்துல நான் அழுவேன்.”

அக்கா கடையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் படகில் ஏறினார். நீச்சல் தெரியாது. படகின் ஓரத்தை இறுகப் பிடித்தபடி, நாயின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். தலையில் துண்டு போட்டிருந்தும் கண் கூசியது. வெளிச்சம் தண்ணீரிலிருந்து மேலே அடித்தது.

“கூரையப் போட்டேன், தரைய விட்டுட்டேனே” என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டார்.

பழைய துணியில் மாதிரி ஒன்று தயாரானது. தாடைக்கு அடியிலும் ஒரு விளிம்பு. வாய் திறந்தால் கூடவே இறங்கும். கணவர் அதை மாட்டிக்கொண்டு டீ குடித்துக் காட்டினார். இதிலும் ஆறாவிட்டால் கரைதான் என்ற கண்டிப்போடு டாக்டர் சம்மதித்தார். சில வாரம் கழித்து மூக்கைப் பார்த்தவர், புண் காய்ந்துவிட்டது, ஓரத்தில் கறுப்பு திரும்புகிறது, படகிலேயே போகட்டும் என்றார்.

அதனால்தான் இன்று நல்ல துணி. முடிச்சு போய், தையல் மறுபடி விழுந்து, உள்ளே சுண்டுவிரல் தடையில்லாமல் சுற்றி வருகிறது. நாய்க்குக் கட்டிவிட்டதும் படகோட்டி கிளம்பத் திரும்புகிறார். அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்துகிறார். மேசை இழுப்பறையிலிருந்து அதே அளவில், அதே துணியில் இன்னொரு உறையை எடுக்கிறார்.

“நனைஞ்சா மாத்திக் கட்டு. ஈரத்தோட விடாதே.”

அதை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிடுகிறார்.