மூணாவது கட்டு

"பெரிம்மா, கயித்துக்கு அந்தாண்டயே நில்லு. பந்து அடிக்கும்போது இருமாதே. முக்கியமா, அவன்கிட்ட ஆட்டத்தைப் பத்தி வாயே தொறக்காதே."

"தொறந்தா இன்னாடா பண்ணுவாங்க? என்னைப் புடிச்சுக்கினு போவாங்களா?"

"உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க. அபராதம் அவனுக்குத்தான் உழும். யோசனை சொல்றதுக்கு நான் ஒருத்தன்தான்."

என் மகனுக்குப் பை தூக்குறவன் காரிலிருந்து இறங்கும்போதே இப்படிச் சொல்லிவிட்டான். ரெண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் பேச்சு எப்பவும் அப்படித்தான், கண்டிப்பு பாதி, கிண்டல் பாதி.

என் மகன் கோல்ஃப் ஆடிப் பிழைக்கிறவன். நாற்பது வயசாகிறது. பெரிய போட்டிகளில் ஆட ஒரு கார்டு வேணும். ஒரு வருஷம் சரியா ஆடலேன்னா அது கையை விட்டுப் போயிடும். அப்புறம் நாலு நாள் ஆட்டம் ஒண்ணு ஆடி ஜெயிச்சாத்தான் திரும்பக் கிடைக்கும். போன மார்கழியில் அந்த ஆட்டம் கும்மிடிப்பூண்டி தாண்டி ஏரியோரமா இருக்கிற மைதானத்தில் நடந்தது. அதே மைதானத்தில் பதினோரு வருஷம் களை பிடுங்கினவ நான். கடைசி நாள் நானும் வருவேன்னு பிடிவாதமா கிளம்பிட்டேன்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் பழைய ஆளு. "இன்னாம்மா, திரும்ப வேலைக்கு வந்துட்டியா?" என்றார்.

"இல்ல. ஆட்டம் பாக்க வந்தேன். எம்புள்ள ஆடறான்." அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உசந்துதான் போச்சு. களை பிடுங்கின காலத்தில் மெம்பருங்க வந்தா குத்துக்கத்தியை மறைச்சுக்கிட்டு ஓரமா ஒதுங்கி நிற்கணும். அன்னிக்குக் கழுத்தில் அட்டை மாட்டிக்கிட்டு, குடை பிடிச்சுக்கிட்டு நடந்தேன்.

அவன் ஆடறதை முதல்முதலா பாக்கிறவங்களுக்குச் சிரிப்புதான் வரும். மத்தவங்களுக்குக் குச்சியைத் தூக்கும்போது இடது கை கோல் மாதிரி நேரா இருக்கும். இவனுக்கு முழங்கை மடங்கியே இருக்கும். மடங்கின கையோட தலைக்குப் பின்னாடி ஒரு சுத்து சுத்தி, ஒடம்பையே தூக்கி எறியற மாதிரி இறக்குவான். பந்து உசரப் போகாது. தாழ்வா சீறிக்கிட்டுப் போய்த் தரையில் விழுந்து ஓடும். காத்து அடிக்கிற நாளில் மத்தவங்க பந்தெல்லாம் எங்கெங்கேயோ போகும், இவனோடது மட்டும் சொன்ன இடத்துக்குப் போகும். அப்படித்தான் ரெண்டு பெரிய ஆட்டம் ஜெயிச்சான்.

அப்போ ஒரு பேப்பரில் எழுதினாங்க: இவர் அப்பா பழவேற்காட்டுக்காரர், வலை வீசுற பரம்பரை, அதான் வலை வீசுற மாதிரியே அடிக்கிறார்னு. அதை யாரோ படிச்சுக் காட்டினப்போ என் ஊட்டுக்காரர் உயிரோட இருந்தார். விழுந்து விழுந்து சிரிச்சார். ஏன்னா அவர் வலையைத் தொட்டதேயில்லை. படகில் ஏறினா வாந்தி. பதினாறு வயசிலேயே கம்பெனியில் லோடு ஏத்தப் போனவர்.

"நான் வீசினதெல்லாம் சிமெண்டு மூட்டைதாண்டி" என்றார்.

"சும்மா இருய்யா. நல்லாத்தானே எழுதிக்கிறான்."

அந்தத் துண்டை வெட்டி பீரோ கதவில் ஒட்டி வெச்சேன். வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் காட்டினேன். வலைக் கதை எனக்குச் சௌகரியமா இருந்தது.

நடந்தது வேற. அவனுக்கு எட்டு வயசிருக்கும்போது, மணவாள நகரில் குடியிருந்தோம். நான் காக்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நின்ன லாரி மேல ஏறி விளையாடி, கீழே விழுந்து முழங்கையை ஒடிச்சுக்கிட்டான். எங்க பக்கம் எலும்பு முறிஞ்சா புத்தூருக்குத்தான் போவோம். பச்சிலையும் முட்டையும் போட்டு, மூங்கில் பத்தை வெச்சுத் துணியால் கட்டுவாங்க. மூணு கட்டு போடணும், விடாம வரணும்னு சொல்லி அனுப்பினாங்க. ரெண்டு கட்டு போட்டாச்சு. மூணாவதுக்குப் போகவேண்டிய செவ்வாய்க்கிழமை எங்க கம்பெனியைப் பாக்க வெளியூர்க்காரங்க வராங்கன்னு சொன்னாங்க. அன்னிக்கு வராதவ மறுநாளும் வரவேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார். நான் வேலைக்குப் போயிட்டேன். அப்புறம் ஒருநாள் அரிக்குதுன்னு பையன் அழுதான், துணியும் நாத்தம் அடிச்சது. நானே வெந்நீர் ஊத்தி ஊறவெச்சுக் கட்டை அவுத்துட்டேன்.

"வலிக்குதாடா?"

"இல்லம்மா."

வலி இல்லை. கைதான் நீளலை. எண்ணெய் தேய்ச்சுப் பாத்தேன், நீளவேயில்லை. கேட்டவங்களுக்கெல்லாம், விழுந்த விழு அப்படின்னேன். அவன்கிட்டயும் அதேதான் சொன்னேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த முழங்கை வலிக்க ஆரம்பிச்சது. டாக்டர் படம் எடுத்து வெளிச்சத்தில் வெச்சுக் காட்டினார். சின்ன வயசிலேயே கோணலா சேர்ந்தது, மடக்கி மடக்கி அடிச்சுத் தேஞ்சிருக்கு, இனிமே பெரிசா ஒண்ணும் பண்ண முடியாதுன்னார். நான் பக்கத்து நாற்காலியில் உட்காந்து படத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். அந்த வருஷம்தான் கார்டு போச்சு.

கடைசி நாள் சாயந்திரம் கடைசி குழிக்கு வந்தப்போ, பை தூக்குறவன் என்னைத் தாண்டிப் போகும்போது நாலு விரலைக் காட்டினான். நாலு அடியில் பந்து உள்ளே போனா கார்டு. அஞ்சுன்னா இல்லை.

முதல் அடி நல்லா போச்சு. நான் முன்னாடியே நடந்து போய்க் கொடி இருக்கிற இடத்துக்கிட்ட நின்னேன். மூணு நாளா வலது பக்கம் இருந்த கொடியை அன்னிக்கு இடது பக்கம் மாத்தி நட்டிருந்தாங்க. அதுக்கு முன்னாடி இருக்கிறது எனக்குத் தெரிஞ்ச தரை. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அங்கே பைப்பு புதைச்சு மூடினாங்க. மேலே புல் காஞ்ச மாதிரி இருக்கும், அடியில் தண்ணி நிக்கும். எத்தனை தடவை பிடுங்கினாலும் கோரை வந்துக்கிட்டே இருக்கும். இப்பவும் புல்லுக்கு நடுவில் அதோட நுனி அங்கங்கே மின்னிச்சு. தூரத்திலிருந்து பாக்கிறவங்களுக்குத் தெரியாது. உசரமா அடிக்கிறவங்களுக்கு அதனால் ஒண்ணுமில்லை. பந்து அதைத் தாண்டி விழும். என் மகன் பந்து முன்னாடியே விழுந்து உருண்டுதான் வரணும். அந்த ஈரத்தில் விழுந்தா உருளாது.

அவன் தூரத்தில் நின்னு, அந்த இடத்தைத்தான் குறி பாத்தான். பை தூக்குறவனும் கையை நீட்டி அந்த இடத்தைத்தான் காட்டினான். நான் குடையைத் தூக்கி ஆட்டலாமான்னு நினைச்சேன். இருமலாமான்னு நினைச்சேன். அபராதம் அவனுக்குத்தான்னு காலையில் சொன்னது காதிலேயே இருந்தது. முந்தானையை வாயில் திணிச்சுக்கிட்டேன்.

கை மடங்கிச்சு, தலைக்குப் பின்னாடி சுத்திச்சு, பந்து சீறிக்கிட்டு வந்தது. அழகாத்தான் வந்தது. நான் பாத்த அதே இடத்தில் சொத்துன்னு விழுந்து நின்னுடுச்சு.

அங்கேயிருந்து தட்டிவிட்டது குழிக்குப் பக்கத்தில் வந்தது. அடுத்தது குழி ஓரத்தில், ரெண்டு விரக்கடையில் நின்னது. அஞ்சாவதை அவன் நிமிர்ந்துகூடப் பாக்காம உள்ளே தள்ளினான்.

கார் நிறுத்தின இடத்தில் மரத்தடியில் மூணு பேரும் உட்கார்ந்தோம். கொண்டுவந்த புளிசோத்தைப் பிரிச்சேன். என் மகன் ரெண்டு வாய் சாப்பிட்டான்.

"இடது பக்கம் அவ்ளோ ஈரம் இருக்கும்னு நெனக்கலம்மா. பாக்கறதுக்குக் கட்டாந்தரையா இருந்தது."

"கீழ பைப்பு கீது. கோரை இன்னும் போவலை."

சாப்பிடற கை நின்னது. "உனக்குத் தெரியுமா?"

"பதினோரு வருஷம் புடுங்கினேன்டா. தெரியாதா?"

பை தூக்குறவன் தலையில் அடிச்சுக்கிட்டான். "நேத்தே உன்னைக் கேட்டிருந்தா ஒரு அபராதமும் இல்ல, பெரிம்மா. டேய், புத்தகத்தை ஊட்டுலயே வெச்சுக்கினு பரீட்சையில பெயிலாயிட்டோம்டா!"

என் மகன் சிரிச்சான். அன்னிக்கு முழுக்க அவன் சிரிச்சது அப்பத்தான். அந்தச் சிரிப்பைப் பாத்ததும் எனக்கு அடக்க முடியலை.

"தெரிஞ்சும் சொல்லாதது இன்னொண்ணு கீது, நைனா."

மூணாவது கட்டைப் பத்திச் சொன்னேன். சூப்பர்வைசர் சொன்னது, நான் வேலைக்குப் போனது, வெந்நீர் ஊத்தினது எல்லாம் சொன்னேன். பை தூக்குறவன் எழுந்து போய்க் கார் கதவைத் திறந்து எதையோ தேடற மாதிரி நின்னான்.

என் மகன் ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிப் பாத்தான். வலது கை நேரா நீண்டது, விரலெல்லாம் சோறு. இடது கை பாதியில் நின்னது.

"செவ்வாக்கெயமையா?"

"ஆமா."

"புதன்கெயமை போயிருக்கலாமேம்மா."

கோபமா கேக்கலை. பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கிற மாதிரிதான் கேட்டான். கேட்டுட்டு மிச்சச் சோத்தைச் சாப்பிட்டு, கை கழுவிட்டு, பையை அவனே தூக்கி டிக்கியில் வெச்சான்.

அவன் கேட்டது சரிதான். புதன்கிழமை அந்த வெளியூர்க்காரங்க போயிருப்பாங்க. ஒருநாள் லீவு கேட்டிருக்கலாம். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவேதான். அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எந்தப் புடவை கட்டிக்கிட்டுப் போனேன், வந்தவங்க எத்தனை பேர், யார் முன்னாடி நின்னா எல்லாம் சொல்லுவேன். மறுநாள் என்ன பண்ணேன்னு மட்டும் எவ்வளவு யோசிச்சும் வரலை. தண்ணி பிடிச்சிருப்பேன். சோறு வடிச்சிருப்பேன். பையன் கட்டுப் போட்ட கையோட என் எதிரிலேதான் உட்கார்ந்திருந்திருப்பான்.