மெபேன் நிறுத்தி வைத்த பெண்

லட்ரீஸ் கேதரும் நானும் க்ளீவ்லாந்தில் ஒரே கல்லூரியில் படித்தோம். அவள் கணக்கியல், நான் நர்சிங். அவளுடைய அம்மா எர்லீன் நகரப் பேருந்து ஓட்டினார். காசு போடாமல் ஏறும் பயல்களை அவர் விரட்டும் சத்தம் தெருமுனை நிறுத்தத்திலிருந்து எங்கள் சமையலறை வரை கேட்கும். மகளுக்கும் அதே குரல், அதே சிரிப்பு. லட்ரீஸ் சிரித்தால் பக்கத்து அறையில் பாடம் நிற்கும்.

எங்களைப் போன்ற கறுப்பின மாணவர்களுக்கும், போர்ட்டோரிக்கோ குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கல்லூரியில் சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பு நடக்கும். நல்ல வேலையில் இருக்கும் நம் ஆட்களில் ஒருவரை ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டியாக அமர்த்துவார்கள். எனக்கு அமைந்தவர் கொஞ்ச நாள் வந்துவிட்டுக் காணாமல் போனார். லட்ரீஸுக்கு அமைந்தவர் ரோலண்ட் மெபேன்.

மெபேனுக்கு அப்போது நாற்பது கூட ஆகவில்லை. நகரின் நடுவே பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் துறைத் தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பர் அவர்தான். அவருடைய அப்பா இரும்பு ஆலையின் உலைச் சூட்டில் உழைத்தவர். மெபேன் ஒரு சனிக்கிழமை கூடத் தவறியதில்லை. லட்ரீஸின் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பி எழுத வைத்தார். நேர்முகத் தேர்வில் கைகளை எங்கே வைப்பது என்பதிலிருந்து, மேலதிகாரி சொல்லும் சப்பை ஜோக்குக்கு எவ்வளவு சிரிப்பது என்பது வரை சொல்லிக் கொடுத்தார். விருந்துக்குக் கூப்பிட்டால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போ, அங்கே கூப்பிடுவது பேசுவதற்கு என்றார். பின்னல்களை அவிழ்த்து, சுருட்டை முடியை வெள்ளைக்காரப் பெண்களைப் போல நேராக்கிக் கொள்ளச் சொன்னார்.

அவள் முடியை நேராக்கிக்கொண்டு வந்த அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். எர்லீன் அடுப்பில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, யாரைப் பாக்கணும்?" என்றார் மகளிடம்.

"அம்மா, சும்மா இரு. வேலைக்குப் போறப்ப இப்படித்தான் இருக்கணுமாம்."

"கணக்கு பாக்கறது மண்டையா, மயிரா? அந்த ஆளு என்ன சொன்னாலும் செஞ்சிருவியா?"

"அவர் உள்ள போய் ஜெயிச்சவரும்மா. அவருக்குத் தெரியாததா?"

எர்லீன் மீனைப் புரட்டிப் போட்டார்.

படிப்பு முடிந்ததும் மெபேனின் துறையிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. மாதத்தில் ஒருநாள் நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடப் போவோம். அவள் சிரிப்பின் சத்தம் குறைந்துபோயிருந்தது. "ஏன்டி, தொண்டை கட்டியிருக்கா?" என்று கிண்டல் செய்வேன். "ஆபீஸ் பழக்கம்டி" என்பாள். ஆனால் மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள். கார் வாங்கினாள். அம்மாவின் வீட்டுக்குக் கூரை மாற்றினாள். எந்தப் பேச்சை எடுத்தாலும் "மெபேன் சார் சொன்னார்" என்பதில் வந்து முடிப்பாள்.

சில வருடங்கள் கழித்து, கொலம்பஸ் நகரில் ஒரு மருத்துவமனை அவளைக் கணக்குப் பிரிவுக்குத் தலைவியாக வரச்சொல்லிக் கேட்டது. நேராக மெபேனிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தார்.

"போகாதே. இங்க உன் முறை வரப்போகுது. இப்ப நீ கிளம்பினா, நம்ம ஆளுங்க நிலைக்க மாட்டாங்கன்னு சொல்லிருவாங்க. எனக்கு நீ இங்க வேணும்."

அவள் கொலம்பஸுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருக்குத் தான் வேண்டும் என்பதே அவளுக்குப் பதவி உயர்வு மாதிரி இருந்தது.

சில மாதங்களில், பனி கரைந்து மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய சமயம், ஒரு காலையில் அவளைக் கீழ்த்தளத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு துறைகளை ஒன்றாக்குகிறார்கள், ஆட்களைக் குறைக்கிறார்கள் என்றார்கள். அன்று மெபேன் அலுவலகத்துக்கே வரவில்லை. மேசையைக் காலி செய்யும்போது காவலாளி பக்கத்திலேயே நின்றான். பக்கத்து மேசைக்காரி கேரல் நோவாக், வெள்ளைக்காரப் பெண், கார் நிறுத்துமிடம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம், லட்ரீஸ். உன் பேரை அவரேதான் குடுத்தாராம். அதுவும் முதல் பேரா."

அவள் நம்பவில்லை. வெள்ளைக்காரி ஏதோ மூட்டிவிடுகிறாள் என்று எங்கள் வீட்டுக்கு வந்து திட்டித் தீர்த்தாள். அவரை ஃபோனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கல்லூரிக்குப் போனோம். தனியாகப் போக வேண்டாம் என்று நானும் கூடப் போனேன். மெபேன் புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "உள்ள நுழையறது உங்க பொறுப்பு. நுழைஞ்சப்பறம் உங்க பின்னாடி நான் நிப்பேன்" என்றார். அதே சொற்களை எங்களுக்கும் சொல்லியிருக்கிறார். கடைசி வரிசையில் இருந்த எங்களைப் பார்த்ததும் அவர் குரல் ஒரு நொடி தடுமாறியது. பிறகு சமாளித்துக்கொண்டு வகுப்பை முடித்தார்.

வெளியே, காபி வைத்திருந்த மேசை அருகே, லட்ரீஸ் அவர் முன்னால் போய் நின்றாள்.

"என் பேரை நீங்கதான் குடுத்தீங்களா சார்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். நீங்க சொல்லிக்குடுத்தது தானே?"

"என் துறையில நீ ஒருத்திதான் நம்ம பொண்ணு. உன்னை விட்டுட்டு மத்தவங்க பேரைக் குடுத்திருந்தா, சொந்த ஆளைக் காப்பாத்திக்கிட்டான்னு பேசுவாங்க. அதுக்கப்புறம் இங்கிருந்து ஒருத்தரைக் கூட என்னால எடுக்க முடியாது. இந்தப் பிள்ளைங்களை நெனச்சுப் பாரு. நீ கெட்டிக்காரி, எங்க போனாலும் பொழச்சுக்குவே."

"கொலம்பஸுக்குப் போக வேணாம்னு சொன்னீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஒரு காகிதக் குவளையை எடுத்தார், காபி ஊற்றாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தெரிஞ்சுதான் என்னை இருக்கச் சொன்னீங்க" என்றாள். "நான் போயிருந்தா, குடுக்கறதுக்கு உங்ககிட்ட சொந்த ஆள் இருந்திருக்காது."

"நீயாவது புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்" என்றார். ஒரு மாணவன் கை குலுக்க வந்தான். மெபேன் முகம் மலர்ந்து அவன் பக்கம் திரும்பிவிட்டார்.

காரில் அவள் அழவில்லை. "அம்மாகிட்ட சொல்லாதே" என்றாள். ஆனால் எர்லீனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. 'நான் அன்னிக்கே சொன்னேன்' என்று அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. மகள் குளியலறையில் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தால் மட்டும் கதவருகே போய் நின்றுகொள்வார்.

கொலம்பஸில் அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். வருமான வரிக் காலத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து ஒப்பேற்றினாள். பிறகு மாவட்ட அலுவலகத்தில், முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள். மெபேன் துணைத் தலைவர் ஆனார். கல்லூரி அவருக்கு விழா எடுத்தபோது, அவரால் உயர்ந்தவள் என்று மேடையில் பேச அவளைத்தான் கூப்பிட்டார்கள். வர முடியாது என்று ஃபோனை வைத்துவிட்டாள். ஆனாலும் விழா விளம்பரத்தில், அவர் பக்கத்தில் அவள் நிற்கும் பழைய படத்தைப் போட்டு ஊரெல்லாம் ஒட்டினார்கள்.

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். யாரிட்ஸா என்று பேர், முதல் வருடம் படிப்பவள்.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே? எனக்கு வழிகாட்டியா மெபேன் சாரைப் போட்டிருக்காங்க. எப்படிப்பட்டவர்?"

லட்ரீஸ் சொன்னாளாம்: "நல்லா சொல்லிக்குடுப்பார். எல்லாத்தையும் கத்துக்க. வேற எடத்துல வேலை வந்தா மட்டும் அவர்கிட்ட கேக்காதே. உங்கம்மாகிட்ட கேளு."

அந்தப் பெண் ஏன் என்று கேட்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. இந்த மாதம் சாப்பிடப் போனபோது இதை என்னிடம் சொல்லிவிட்டு லட்ரீஸ் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பாதிதான்டி சொன்னேன். நல்லா சொல்லிக்குடுப்பார்ங்கறதுதான் இப்பவும் வாயில மொதல்ல வருது, பாரு" என்றாள்.