தள்ளிப்போட்ட ஆபிரிக்கா

எங்கள் வெரிபீ வீட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் இரண்டு வருஷமாக ஒட்டிக் கிடந்தது. என் கணவர் தன் கைப்பட எழுதியது. மஞ்சட்காய்ச்சல் ஊசி. உருட்டுகிற சில்லு இல்லாத மெல்லிய பை, சின்ன விமானத்தில் பெட்டி ஏற்றமாட்டார்களாம். நீலமும் கறுப்பும் உடுக்கக்கூடாது, கடிக்கிற ஈ தேடி வரும். கடைசியில் இரண்டு கோடு போட்டு: கென்யா, செப்டெம்பர் கடைசி, பக்கத்தில் வருஷம்.

மனுசன் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. சிங்கத்தையும் யானையையும் அதுகளின் காட்டிலேயே பார்க்கவேண்டும், அவ்வளவுதான். வீடு, பிள்ளையின் படிப்பு என்று நான்தான் ஒவ்வொரு வருஷமும் ஒரு சாட்டுச் சொன்னேன். பிறகு கண் டொக்டர் சொன்னார், விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறதாம், பரம்பரை நோயாம், மருந்தில்லையாம். ஆசைப்பட்டதைப் பார்ப்பதென்றால் இந்த வருஷமே பாருங்கள் என்றார். அன்றைக்குப் பின்னேரமே அவர் அந்தத் தாளை எழுதினார். நான் பக்கத்தில் இருந்து பயணத்தைப் பதிந்தேன்.

மூன்று கிழமை போகவில்லை, பிளாக்டவுனில் இருக்கிற அவருடைய தங்கச்சி போன் எடுத்தாள். தன் மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு, மண்டபம் பிடித்தாயிற்று, செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை.

"தாய்மாமன் இல்லாமல் பால் அறுகு வைக்கேலுமே, மச்சாள்? அண்ணா கட்டாயம் நிக்கவேணும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணில் கெஞ்சல் இருந்தது, எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "ஓம் மச்சாள், வராமல் விடுவமே?" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்? பயணத்தைத் தள்ளமுடியாது என்றால் காரணம் கேட்பாள். காரணம் கண். பரம்பரை வருத்தம் என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால், விடிவதற்குள் கனடா வரைக்கும் போய்விடும். எங்கள் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். வாயைத் திறக்கக்கூடாது என்று அவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். நான் ஒரு விசரி, வேறென்ன!

"ஒரு வருசம்தானே. சிங்கம் எங்கை ஓடப்போகுது?" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். வேலையில் அவருக்கு அவ்வளவு லீவு அடுத்த செப்டெம்பரில்தான் திரும்பக் கிடைக்கும். தாளில் வருஷத்தை மட்டும் வெட்டி மாற்றி எழுதினார்.

சாமத்தியவீட்டில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மருமகளின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்தார். வீடியோக்காரன் மூன்று தரம் செய்யவைத்தான். மூன்று தரமும் சிரித்தார்.

வெயில் காலம் முடிவதற்குள் அவர் கதவு நிலைகளில் இடிபடத் தொடங்கினார். கார் ஓட்டுவதை விட்டார். ஆபிரிக்காவுக்கென்று வாங்கிய பைனாகுலரை எடுத்துக்கொண்டு பின்வளவில் போய் நிற்பார். வேலியில் மாக்பை குருவி கத்தும். அவர் அந்த வேலி முழுக்கத் தேடுவார், குருவி பறந்த பிறகும் தேடுவார். நான் குசினி ஜன்னலுக்குப் பின்னால் நின்று அழுவேன். யூனில் டொக்டர் பார்வை இனிமேல் மிச்சமில்லை என்று சொன்னதும், நானே போன் எடுத்துப் பயணத்தை நிறுத்தினேன். தாளை மட்டும் கழற்ற அவர் விடவில்லை.

இதில் வயிறெரிகிற கதை, எங்கள் மகள் தன் கண்ணுக்கும் பரிசோதனை செய்து, விஷயத்தைக் கலியாணம் பேசின பெடியனிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவன் சரி என்றிருக்கிறான். நான்தான் ஊருக்கு மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

செப்டெம்பர் விடுமுறைக்கு அவருடைய தங்கச்சி தன் மகளோடு வந்தாள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் ஆபிரிக்க மிருகங்களைத் திறந்தவெளியில் விட்டிருக்கிற மிருகக்காட்சிச்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். அவர்களோடு நாங்களும் போனோம். இடது பக்கம் ஒட்டகச்சிவிங்கிகள் என்று ஓட்டுநர் சொல்ல எல்லோரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். இவர் வலது பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓம், ஓம், என்ன வடிவு!" என்றார்.

தங்கச்சி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இனி என்னத்தை மறைக்கிறது? கண், டொக்டர், கென்யா எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் மச்சாள் சொல்லேல்லை?" என்று அவள் விம்மினாள். "பிள்ளை பெரிசாகி அப்பவே எட்டு மாசம். மண்டபம் கிடைச்ச திகதிக்குத்தானே வைச்சனாங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா தை மாசத்துக்கு மாத்தியிருப்பமே."

அவர் இருக்கையைத் தடவி என் கையைப் பிடித்தார்.

"விடும். அதுகள் எந்தப் பக்கம் நிக்குது எண்டு மட்டும் சொல்லும்."

அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இடது பக்கம் திருப்பினேன். அதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிட்டது. அந்தப் பக்கம் வெறும் புல்தான் இருந்தது.

"தெரியுதே?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார்.