ஏட்டு எறிந்த விமானம்

ஆயிரத்து நூற்று இருபது கிராம். மாமாவின் விமானத்தை எங்கள் மளிகைக் கடைத் தராசில் முதன்முதலாக வைத்தபோது இருந்த எடை அது. என் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் சீட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். இந்த எண் மட்டும் மறக்கவில்லை. எனக்கு இன்னும் ஐம்பது முடியவில்லை. ஆனால் மின்விசிறி எத்தனை மணி நேரம் வீணாக ஓடியது, தண்ணீர் கேன் எத்தனை வந்தது என்று எண்ணி முணுமுணுப்பதைப் பார்த்து, வீட்டில் என்னைக் கிழவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சேர்க்கட்டும்.

ஒரகடத்தில் அப்போது கார் கம்பெனிகள் கிடையாது. இன்று கண்டெய்னர் லாரிகள் நிற்கும் இடமெல்லாம் வேர்க்கடலைக் கொல்லை. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் எங்கள் ஊர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டில் தங்கி நெடுஞ்சாலையோரத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஷிப்ட் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊர் திரும்பும்போது தன் பொழுதுபோக்குச் சாமான்களை மாமாவிடம் விட்டுப்போனார். இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு ரேடியோ பெட்டி. அதற்குக் கட்டுப்பட்டு வானத்தில் குட்டிக்கரணம் போடுவதற்கென்றே செய்த ஒரு விமானம். தக்கை போன்ற மரத்தில் செய்த உடம்பு. மூக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு எஞ்சின். அது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் குடித்து, மரம் அறுக்கும் ரம்பம் போலக் கத்தும்.

அது 1991. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை உலகமே அறியும். அதை நான் எழுத வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சாவு ஊர்வலத்தில்கூட யாரும் பட்டாசு கொளுத்தவில்லை என்பதை மட்டும் சொல்லவேண்டும். சைக்கிள் டியூப் வெடித்தால் தெருவே வெளியே வந்து நிற்கும். அப்படிப்பட்ட ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா வீட்டுப் பின்புறம் எஞ்சினைக் கிளப்பினார். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஊரே வாயப் பொத்திக்கினு கெடக்குது, உனுக்கு ஏரோபிளேன் கேக்குதாடா?" என்று அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"சத்தந்தானே அக்கா? சத்தமே இல்லாம பண்ணிடறேன்" என்றார் மாமா.

எல்லாம் அங்கே தொடங்கியது. தொழிற்சாலையில் உடைந்துபோன பேட்டரி டிரில் ஒன்றைச் சொற்ப விலைக்குக் கழித்துக் கொடுத்தார்கள். அதன் வயிற்றிலிருந்து மோட்டாரையும் எட்டு பேட்டரிகளையும் மாமா பிடுங்கினார். எஞ்சினும் எண்ணெய் டப்பாவும் கழன்றதில் முந்நூற்றுப் பத்து கிராம் குறைந்தது. மோட்டாரும் பேட்டரியும் ஒயரும் ஏறியதில் அறுநூற்று அறுபது கூடியது. சாமான்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து நான் சொல்லச் சொல்ல, மாமாவின் முகம் தொங்கிக்கொண்டே போனது. எடை கூடினால் குட்டிக்கரணம் இல்லை. இன்னும் கூடினால் பறப்பதே இல்லை. சக்கரங்களைக் கழற்றினோம், தொண்ணூறு போனது. உள்ளே இருந்த பலகைகளில் ஓட்டை போட்டுப் பதினைந்து கிராம் மிச்சம் பிடித்தோம். முன்பு எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிட்ட சிறு கருவி, இப்போது ஒரு சுவிட்சைத் தட்டுகிற வேலையைப் பார்த்தது. குச்சியைத் தள்ளினால் மோட்டார் முழு வேகத்தில் ஓடும், இழுத்தால் நின்றுவிடும். நடுவில் எதுவும் கிடையாது.

கடைசியில் ஆயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து. எட்டு பேட்டரிகளையும் கறுப்பு டேப்பால் கட்டுக்கட்டி, சிவப்பும் கறுப்புமாக ஒயர் இழுத்து, இறக்கைக்கு அடியில் ரப்பர் பட்டையால் இறுக்கியிருந்தோம். மாமா தலையைச் சாய்த்து ரசித்தார். அப்பா, ஐந்து ரூபாய் நோட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குபவர், அவரும் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா மட்டும், "பாக்கவே நல்லால்லடா" என்றாள். அழகைச் சொல்கிறாள் என்று நினைத்து, கறுப்பு டேப்புக்கு மேல் என் நோட்டுப்புத்தக லேபிள் ஒன்றை ஒட்டினேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், அந்த வருடத்தில், சத்தமில்லாத ஒரு சாமானில் பேட்டரிக்கட்டும் ஒயரும் சுவிட்சும் வைத்து, அதைத் தூரத்திலிருந்து தட்டிவிட ஒரு பெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம் என்பது எங்கள் மூவருக்கும் உறைக்கவில்லை. எடையைத் தவிர வேறு எதையும் நாங்கள் யோசிக்கவில்லை.

மறு ஞாயிறு காலையில் சைக்கிளில் ஏரிக்குப் போனோம். கோடையில் வற்றிய ஏரி. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. மாமா கோணியைப் பிரித்து இறக்கையைப் பொருத்திக்கொண்டிருந்தபோது கரை மேல் இரண்டு காக்கிச் சட்டைகள் தெரிந்தன. ஒருவர் தொப்பை போட்ட ஏட்டு. மற்றவர் மீசை முளைத்துக்கொண்டிருந்த இளம் காவலர்.

"இன்னாபா இது?" என்றார் ஏட்டு.

"பிளேன் சார்."

"அடியில?"

"பேட்டரி சார்."

"கையில வெச்சிக்கினு கீறியே, அது?"

"ரிமோட்டு சார்" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டார். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

இளம் காவலர் இரண்டடி பின்வாங்கினார். "ஏட்டையா, இஸ்துகினு போயிடலாமா?"

விசாரணைக்குப் போன ஆள் எப்போது வீடு வருவான் என்று யாரும் சொல்லமுடியாத நாட்கள் அவை. மாமாவின் உதடு வெளுத்துவிட்டது. தொழிற்சாலை, டிரில், வெளிநாட்டுக்காரர் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் உளறினார். எனக்கோ மாமா விஷயத்தைச் சரியாகச் சொல்லவில்லையே என்று எரிச்சல். நானே முன்னால் போய் நின்றேன்.

"ஆயிரத்து முந்நூத்தி அறுவத்தஞ்சு கிராம் சார். மோட்டார் மட்டும் நூத்தித் தொண்ணூறு. வீல் கழட்டிட்டோம். அதனால தரையில ஓடாது, கையால எறியணும்."

ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிராமுல பேசறான் பாரு. பொட்டிக்கடக்காரன் புள்ளயாடா நீ?"

"மளிகைக் கடை சார்."

"சரிங்க மொதலாளி" என்று சிரித்துவிட்டு மாமாவிடம் திரும்பினார். "பறக்குமா?"

"தெரியாது சார். இன்னிக்குத்தான் மொத தபா."

"தோ பாரு தம்பி. பறந்துச்சினா பிளேனுனு நானே சொல்லிடுவேன். பறக்கலனா நான் போயி இன்னானு சொல்றது?"

ஏட்டு குந்தி உட்கார்ந்து, தொடாமல், விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லேபிளைப் படித்தார். அதில் என் பெயரும் ஆறாம் வகுப்பு 'அ' பிரிவு என்றும் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "எறியறது யாரு?" என்றார்.

"நான்தான் சார்" என்று கையை நீட்டினேன். ஒரு வாரமாக மாமாவின் தலையணையை வைத்து எறிந்து பழகியிருந்தேன்.

"நீ வாணாம். அந்தக் கரைக்கு அந்தாண்ட போ. எறங்கி நில்லு, கூப்பிட்டா வா." இளம் காவலரிடம், "நீயும் போபா, புள்ளைக்குத் தொணையா" என்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். எறியும்போது தடுக்கும் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

இளம் காவலர் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். கரைக்கு அப்பால் இறங்கியதும், நான் அவர் பிடியிலிருந்து நழுவி மேலே ஏறித் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். வெற்று ஏரியின் நடுவே ஏட்டு விமானத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். மாமா தள்ளி நின்று பெட்டியைப் பிடித்திருந்தார். ஏட்டு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"உம், அமுக்கு."

சர்ரென்று ஒரு சத்தம், மிக்ஸியில் சட்னி அரைப்பது போல. அவ்வளவுதான். ஏட்டு தோள்கள் இறங்க ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு எறிந்தார். அண்ணாந்து எறிந்தார், விமானம் மேலே பார்த்து நின்று, யோசித்து, பொத்தென்று தரையில் மூக்கைக் குத்தியது.

"தோசக்கல்லுக்கு ரெக்கை கட்டினு வந்துகீறான்யா!" என்று ஏட்டு கத்தினார். அவர் குரலே மாறியிருந்தது. தானே ஓடிப்போய் எடுத்து, மூக்கில் சுற்றிய காற்றாடி உடையாததைப் பார்த்து, சட்டைமுனையால் மண்ணைத் துடைத்தார்.

"நேரா எறியுங்க சார், ஓடிப்போயி!" என்று கரையிலிருந்து கூவினேன்.

தொப்பை குலுங்க ஓடினார். இந்த முறை விமானம் அவர் கையை விட்டு நேராகப் போய், தரையை உரசுவது போல் தாழ்ந்து, மெதுவாக, மிக மெதுவாக எழும்பியது. ஏரியைச் சுற்றி மூன்று வட்டம் அடித்து உயரம் சேர்த்தது. மாமா அதைச் சரித்துக் கீழே பாயவிட்டு, அந்த வேகத்தில் மூக்கைத் தூக்கினார். உச்சியில் மல்லாந்து, நின்றுவிடுமோ என்று பார்த்திருக்க, ஒரு முழு குட்டிக்கரணம் போட்டு முடித்தது. அந்த உயரத்தில் சத்தமே கேட்கவில்லை. ஏட்டு மட்டும் கை தட்டினார்.

அது வயிற்றைத் தேய்த்துக்கொண்டு தரையிறங்கியதும் அவரே எடுத்துவந்து மாமாவிடம் கொடுத்தார். "பிளேன்தான். கெளப்பிக்கினு வூட்டுக்குப் போ. கொஞ்ச நாளைக்கு வெளிய எடுக்காத. யாரனா கேட்டா ஏட்டு பாத்துட்டாருனு சொல்லு." கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். மாமா அவர் காலில் விழப்போனார். அவர் விலகிக்கொண்டு, "எனுக்கும் இவன் வயசுல ஒண்ணு கீதுபா" என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போனார். பெயரைக் கேட்கவில்லை. பின்னாளில் விசாரித்தபோது மாற்றலாகிப் போயிருந்தார்.

என்னைக் கரைக்கு அப்பால் இறக்கிவிட்டுத் தன் மார்போடு எதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் "அமுக்கு" என்றார் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின. அது வெடிக்காது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வழியில்லை. எங்களை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. இன்று நான் எண்ணிப் பார்க்கும் நல்லவைகளில் அவரைத்தான் முதலில் வைக்கிறேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் இருந்தது. மாமா சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். ஒரு கை முழுநேரமும் என் பிடரியைப் பிடித்திருந்தது. எனக்கு வலித்தது.

"அந்த ஏட்டுக்கு எறியவே தெரில மாமா" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். "என்னை வுட்டிருந்தா மொத தபாவே பறந்திருக்கும்."

"ஆமாண்டா" என்றார் மாமா. "ஆமாண்டா."