பேண்டுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தவன்

1. நில்லுங்க!

காரைக்காலில் முப்பது வருஷம் கல்யாணப் போட்டோ எடுத்தவன் நான். பேண்டு வாத்திய ஊர்வலத்தைப் படம் எடுக்க முதன்முதலாகப் போன அன்றே அதைக் கெடுத்து வைத்தேன்.

எங்கள் ஊர் பேண்டில் இருபது பேர். படகில் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் உண்டு. சுதந்திர தினத்தன்று தலத்தெருவிலிருந்து கடற்கரைச் சாலை வரை வாசித்துக்கொண்டே வருவார்கள். பித்தளைக் குமிழ் வைத்த நீளக் கோலோடு முன்னால் வருபவர் ஜாபர் நானா; நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். மற்ற நாளெல்லாம் பெயின்ட் கடைக்காரர். அன்று மட்டும் படைத்தலைவர்.

போட்டோக்காரன் அவருக்கு முன்னால் பின்னோக்கி நடக்க வேண்டும். கல்யாண வீட்டுப் பழக்கம் விடுமா? ட்ரம்பெட் செல்வமணியைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்றேன். காரைக்கால்மேட்டு மீனவர், நல்ல மனுஷன், சிரித்துவிட்டார். ட்ரம்பெட் கன்றுக்குட்டி மாதிரி கத்தியது. அடுத்து நான் கையைத் தூக்கி, "அப்படியே நில்லுங்க!" என்றேன். முன்வரிசை நின்றது. பின்வரிசைக்கு அது தெரியாது. பெரிய ட்ரம் முன்னால் இருந்தவர் முதுகில் மோத, அவர் அடுத்தவர் மேல் சாய, மூன்று பேர் தரையில்.

நானா என்னைத் திட்டவில்லை. பேண்டைத் திட்டினார்.

"இவன் கையக் காட்டுனா நின்னுடுவீங்களா? இனிமே யாரு கத்துனாலும் நிக்கக் கூடாது. கோலு மேல போயி கீழ எறங்குனாத்தான் நிக்கணும். கடலே குறுக்க வந்தாலும் நடக்கணும்!"

2. தலை இல்லாத நானா

கடற்கரைச் சாலையில் போட்டிருக்கும் விழா மேடைக்கு முன்னால் நானா கோலைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்; அது இறங்கியதும் பேண்டு நிற்கும். கோல் காற்றில் நிற்கும்போது தன் முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்பது அவர் ஆசை. வருஷா வருஷம் கோட்டை விட்டேன். ஒரு வருஷம் கோல் இருந்தது, நானாவுக்குத் தலை இல்லை. அடுத்த வருஷம் நானா இருந்தார், கோல் இல்லை. இன்னொரு வருஷம் இரண்டும் சரியாக இருந்தன; நான்தான் சாக்கடைக்குள் இருந்தேன்.

"தாலி கட்டுறத மட்டும் எப்படிப்பா சரியா புடிக்கிற?"

"அத யாரும் தூக்கிப் போட மாட்டாங்க நானா."

3. கடல் குறுக்கே வந்தது

போன வருஷம் நானாவுக்குத் தோள்பட்டை வலி. அந்த ஊர்வலத்தோடு கோலை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இதான்ப்பா கடைசி. துபாய்ல இருக்குற மவன் அந்தப் போட்டோவக் கேக்குறான். இந்த வாட்டியாவது வுட்டுடாத" என்றார்.

கேமராவை மோனோபாட் என்கிற ஒற்றைக்கால் ஸ்டாண்டில் மாட்டி வீடியோவில் ஓடவிட்டேன். அதிலிருந்து ஒரு ஃபிரேமாவது தேறாதா?

மேடை வந்தது. நானா கோலை வீசினார். கடல் காற்று தள்ள, கோல் பக்கத்துப் பூவரச மரத்துக்குள் போனது. இறங்கவில்லை.

பேண்டும் நிற்கவில்லை. சொன்ன சொல் தட்டாத இருபது பேர், வாசித்தபடியே மேடையைத் தாண்டினார்கள். சல்யூட் வைத்த சிறப்பு விருந்தினர் கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றார். சாலை முடிந்து மணல் வந்தது. நானா வெறுங்கையோடு நடந்தபடி, உதடு அசையாமல் கேட்டார்.

"என்னடா பண்றது?"

"நில்லுங்கன்னு சொல்லுங்க நானா!"

"நிக்க மாட்டானுவ. நான்தானே சொல்லி வச்சேன்."

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஏ செல்வமணி! எங்கடா போற? ஒன் படகு அந்தப் பக்கம் கெடக்கு!" என்று கத்தினார். செல்வமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் கன்றுக்குட்டி. ஆனால் கால் நிற்கவில்லை.

முதலில் நனைந்தது, பின்னோக்கி நடந்த நான்தான். அடுத்த அலை நானாவின் வெள்ளை ஷூவைத் தொட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷ மானம் கடலில் போகப்போகிறது. எல்லாம் நான் அன்று தூக்கிய ஒரு கையால். மோனோபாட்டைக் கேமராவோடு அவர் கையில் திணித்தேன்.

நானா யோசிக்கவே இல்லை. தலைக்கு மேல் உயர்த்தி, நேராக இறக்கினார். இருபது பேரும் கடைசி அடியை ஈர மணலில் ஒன்றாக வைத்து நின்றார்கள். மேடைப் பக்கமிருந்து பலத்த கைதட்டல். நிகழ்ச்சியே அதுதான் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டில் வீடியோவை ஓட்டினேன். கோல் வீசிய இடத்தில், வழக்கம்போல, நானாவுக்குத் தலை இல்லை. பிறகு வானம், மணல், என் செருப்பு. கேமராவை ஸ்டாண்டோடு பிடித்து வைக்கும் பூட்டை நான் சரியாக முடுக்கவில்லை. அது தலைகுப்புறத் தொங்கியிருக்கிறது. அப்படியே மேலே போனபோது, நேர் கீழே நானா. தொப்பி, வேர்வை, மீசை, அண்ணாந்த இரண்டு கண்கள், காலைச் சுற்றி நுரை.

அதைப் பிரிண்ட் போட்டு நானாவின் கடைக்குக் கொண்டுபோனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோல எங்கடா காணும்?"

"இந்த வாட்டி படத்த எடுத்ததே கோலுதான் நானா."

ஒரு பிரதி துபாய்க்குப் போனது. இன்னொன்று கடையில், பெயின்ட் டப்பாக்களுக்கு மேலே தொங்குகிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ட்ரம்பெட் ஊதுகிறவரைச் சிரிக்கச் சொல்லாதீர்கள். நடக்கிற பேண்டை நிற்கச் சொல்லவே சொல்லாதீர்கள். கேமரா பூட்டை மட்டும் அதிகமாக முடுக்க வேண்டாம்.